ஒத்தச் சொட்டு, ரெட்டைச் சொட்டு

தம்பி, அந்தப் பலகை மேல கால் வச்சுராதீங்க. இருங்க, நானே எடுத்து மடியில வச்சுக்கறேன். பை கீழயே கெடக்கட்டும். பையில ஒண்ணும் இல்ல, வீட்டுக்காரி கட்டிக் குடுத்த சாமான். பலகைதான் முக்கியம். நேத்து சாயங்காலம் பெயிண்ட் அடிச்சது, இன்னும் வாசம் போகல பாருங்க. கையில ஒட்டுதா? ஒட்டல. காஜா நல்லாத்தான் அடிச்சிருக்கான்.

பொள்ளாச்சிக்கா போறீங்க? நானும் பொள்ளாச்சிதான். அப்ப ஒரு உதவி செய்யுங்க, அந்த ஜன்னலோரத்தை எனக்குக் குடுங்க. காத்துக்கு இல்ல. வெளிச்சம் வேணும்.

ஆங், இப்பப் பாருங்க. இது என்ன கலர்? நீலம். வெளிர் நீலம். கரெக்ட். இப்பத் திருப்பறேன். இது? அதேதான்னு மட்டும் சொல்லாதீங்க தம்பி. எங்க தெருவே அதைத்தான் சொல்லுது. நீங்க கண்ணாடி போட்டிருக்கீங்க, படிச்சவரா தெரியறீங்க, நிதானமாப் பாத்துச் சொல்லுங்க. சொட்டு நீலம் போட்டு வேட்டி அலசுவோம்ல? ஒரு வாளித் தண்ணிக்கு ஒரு சொட்டு விட்டா ஒரு மாதிரி வரும். கை தவறி ரெண்டு சொட்டு விழுந்துட்டா வேற மாதிரி வரும். இந்தப் பக்கம் ஒத்தச் சொட்டு. அந்தப் பக்கம் ரெட்டைச் சொட்டு. கடையில இதுகளுக்கு வாயில நுழையாத இங்கிலீஷ் பேரெல்லாம் வச்சிருக்காங்க. நான் வச்ச பேரு இதுதான்.

தெரியலையா? சரி விடுங்க. பஸ்ஸு இன்னும் திண்டுக்கல்லையே தாண்டல. ஒட்டன்சத்திரம் வரட்டும், வெயில் ஏறினதும் திரும்பக் காட்டறேன்.

சிரிக்கிறீங்க. சிரிங்க, தப்பில்ல. நானே சில நேரம் சிரிச்சுக்கறேன். நான் சர்வேயரா இருந்து ரிட்டயர் ஆனவன் தம்பி. அதனால வந்த புத்தி இது. அரை அடி அங்கிட்டு, அரை அடி இங்கிட்டுன்னு அடிச்சுக்கற ஆளுங்க நடுவுல நின்னே காலம் போயிருச்சு. வெறுங்கண்ணுக்கு எல்லாம் ஒரே காடுதான். சங்கிலியைப் போட்டு இழுத்தாத்தான் வித்தியாசம் தெரியும். ‘என்ன சார், வெறும் அரை அடிதானே’ன்னு எவனாவது சொன்னா எனக்குச் சுருக்குன்னு கோவம் வரும். ஊருக்கெல்லாம் எல்லைக்கல் நட்டுக் குடுத்தவன், ரெண்டு நீலத்துக்கு நடுவுல ஒரு கல்லை நட முடியாம இப்படிப் பலகையைத் தூக்கிட்டு அலையறேன்.

விஷயம் என்னன்னா, எம்பொண்ணு பொற்கொடி பொள்ளாச்சியில இருக்கா. ஒரே பொண்ணு. மாசமா இருக்கா, இது ஏழாம் மாசம். தலைப்பிரசவம் அம்மா வீட்டுலதானே பாக்கணும்? அதான் முறை. எங்க வீட்டுல அவளுக்குன்னு ஒரு ரூமு உண்டு. அவ பிளஸ் டூ படிக்கறப்ப, நீலம்தான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னு அடிக்க வச்சா. அவ போனதுக்கப்புறம் நாங்க அதுல நெல்லு மூட்டையும் ஒடைஞ்ச கட்டிலும் போட்டு வச்சிருந்தோம். மூட்டை உரசி உரசி, சுவரு என்ன கலருன்னே சொல்ல முடியாமப் போச்சு. பிள்ளைத்தாச்சிக்குப் பெயிண்ட் வாசம் ஆகாதுல்ல? அவ வர்றதுக்குள்ள அடிச்சு, காஞ்சு, வாசமெல்லாம் போயிரணும். அந்தப் பழைய நீலத்தையே அடிச்சுரணும். அவ்வளவுதான். பெயிண்ட் விஷயமாத்தான் போறேன்.

வர்றாளான்னா கேக்கறீங்க? அதுல ஒரு சின்னச் சிக்கல் இருக்கு. பெருசா ஒண்ணும் இல்ல.

நாலு வருஷமா நான் அவகூடப் பேசறதில்ல.

சண்டையெல்லாம் கிடையாது தம்பி, நீங்க தப்பா எடுத்துக்காதீங்க. அவளா ஒரு பையனைப் பாத்துக் கட்டிக்கிட்டா. கூட வேலை பாத்த பையன். வேற ஆளுங்க, வேற சாமி. நான் ஒரு வார்த்தை திட்டலையே! போகாதேன்னும் சொல்லல, போன்னும் சொல்லல. கல்யாணத்தன்னிக்கு நான் பாட்டுக்கு வீட்டுல உக்காந்து பேப்பர் படிச்சேன். என்ன சேதி வந்திருந்துச்சுன்னு கேட்டா ஒண்ணும் ஞாபகம் இல்ல, ஆனா முழுசாப் படிச்சேன். அப்புறம் கோவமெல்லாம் ஆறிப்போச்சு. ஆனா பேசாம இருந்து பழகிட்டா, திரும்பப் பேசறதுக்கு ஒரு விஷயம் வேணும்ல? சும்மா போனைப் போட்டு என்னத்தைப் பேசறது?

அவங்க அம்மாகூடப் பேசுவா. தெனம் பேசுவா. இவ அடுப்படியில நின்னு பேசுவா, நான் கூடத்துல உக்காந்து டிவி பாப்பேன். அந்த நேரம் பாத்து டிவி சத்தம் எனக்கு ஒத்துக்காது, கொறைச்சு வச்சுருவேன். ஒட்டுக்கேக்கறதுக்கு இல்ல தம்பி. வயசாச்சுன்னா காதுக்குச் சத்தம் ஆகறதில்ல.

இப்ப ஏழாம் மாசம் ஆரம்பிச்சதும், பாக்கியம், அதான் என் வீட்டுக்காரி தனபாக்கியம், பிரசவத்துக்கு வாடின்னு போன்ல கூப்பிட்டிருக்கா. அதுக்கு மக என்ன சொன்னாங்கறீங்க? ‘நீ கூப்பிட்டா போதாதும்மா. அப்பா வாயால வான்னு சொல்லட்டும், வர்றேன். இல்லேன்னா இங்கயே பாத்துக்கறேன்.’ பாக்கியம் இதை அப்படியே என்கிட்ட வந்து ஒப்பிச்சுட்டு, என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னா. ‘இதுல கூப்பிடறதுக்கு என்ன இருக்கு? அவ வீடு, வரவேண்டியதுதானே? நான் என்ன கதவையா சாத்தி வச்சிருக்கேன்?’னு கேட்டேன். கேட்டுட்டு நேரா பெயிண்ட் கடைக்குப் போயிட்டேன்.

எதுக்குப் போனேன்னா? ரூமு அசிங்கமாக் கெடந்துச்சு தம்பி, அதுக்குத்தான்.

கடையில ஒரு கலர் அட்டை குடுத்தாங்க, விசிறி மாதிரி விரியுது. நீலத்துக்கே ஒரு விசிறி. கடைக்காரர் முதல்ல டீ வாங்கிக் குடுத்தாரு. அப்புறம் ஸ்டூல் போட்டு உக்கார வச்சாரு. அப்புறம் என்னை மறந்துட்டு மத்த வியாபாரத்தைப் பாக்கப் போயிட்டாரு. எம்பொண்ணு ரூமு நீலம் எனக்குக் கண்ணுலயே நிக்குது. ஆனா அட்டையைப் பாத்தா ரெண்டு நிக்குது. எதுக்கும் இருக்கட்டும்னு ரெண்டுலயும் ஒரு வாளி வாங்கிட்டேன். ஒரு ரூமுக்கு ரெண்டு வாளி. ஆட்டோக்காரர் ‘என்ன சார், கல்யாண மண்டபமா கட்டறீங்க?’ன்னு கேட்டாரு.

காஜாமைதீன்னு ஒரு பெயிண்டர், எங்க ஏரியாவுக்கே அவன்தான். மூட்டையெல்லாம் வெளிய எடுத்துப் போட்டு, சுவத்தைச் சுரண்டி, பட்டி பாத்து, பக்கம் பக்கமா ரெண்டு பட்டை அடிச்சுக் காட்டினான். ‘எது சார்?’ன்னான். ‘காயட்டும்’னேன். காஞ்சுச்சு. ‘எது சார்?’ ‘மதிய வெயில்ல பாக்கணும்ப்பா.’ மதியமாச்சு. ‘எது சார்?’ ‘ட்யூப் லைட்ல ஒருக்கா பாத்துரணும்.’ அவன் பிரஷ்ஷைக் கழுவி வச்சுட்டு, ‘எனக்கு வேற எடத்துல வேலை கெடக்கு சார், முடிவு பண்ணிட்டுக் கூப்பிடுங்க’ன்னு கெளம்பிட்டான். ஏணி மட்டும் எங்க வீட்டுலயே நிக்குது.

அதுக்கப்புறம் நான் பண்ணின கூத்தைச் சொன்னா நீங்க இந்த சீட்டை விட்டு எந்திரிச்சுப் போயிருவீங்க. பால்காரரை உள்ள கூட்டிட்டுப் போய்க் காட்டினேன். பக்கத்து வீட்டு டீச்சரம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கேஸ் சிலிண்டர் கொண்டாந்தவரைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய்ச் சுவத்துக்கு முன்னாடி நிறுத்தி, ‘நல்லாப் பாத்துச் சொல்லுங்க’ன்னேன். அவரு சுவத்தைத் தட்டிப் பாத்து, மோந்து பாத்து, ‘எங்க சார் லீக் ஆகுது?’ன்னாரு. இப்பெல்லாம் தெருவுல என்னைக் கண்டா, ஆளுங்க செருப்பு அறுந்த மாதிரி குனிஞ்சுக்கறாங்க.

அந்தா, ஒட்டன்சத்திரம் மார்க்கெட் வந்துருச்சு. வெயிலும் வந்துருச்சு. இப்பப் பாருங்க. இது ஒத்தை. இது ரெட்டை. ம்? ‘லேசா’ன்னு சொல்றீங்களா? என்னைத் திருப்திப்படுத்தச் சொல்றீங்க. பரவாயில்ல. அந்த அளவுக்காவது மரியாதை தெரிஞ்சிருக்கு.

ஆனா தம்பி, மத்தவங்களை விடுங்க, என் வீட்டுக்காரி பண்ணினதைத்தான் என்னால தாங்க முடியல. நிலையில்லாத புத்தி. காலையில கேட்டேன், ‘ஒத்தச் சொட்டுதாங்க நம்ம பிள்ளை ரூமு கலரு’ன்னா. சரி, பெத்தவ சொல்றா, அதையே அடிச்சுருவோம்னு போனை எடுத்தேன் காஜாவைக் கூப்பிட. உடனே, ‘ஏங்க, இருங்க. எனக்கென்னமோ ரெட்டைச் சொட்டோன்னு தோணுது’ன்னா. சரி, ரெட்டைச் சொட்டு. சாயங்காலம் காஜா வந்து வாளியைத் தொறந்து, குச்சியை உள்ள விடறான். ‘தப்பா அடிச்சுட்டா பிள்ளை மனசு கஷ்டப்படுமேங்க. எதுக்கும் அவளையே ஒரு வார்த்தை கேட்டுருங்களேன்’ங்கறா. காஜா குச்சியைத் தொடைச்சு வச்சுட்டு வீட்டுக்குப் போயிட்டான். இப்படி ஒருநாள் ரெண்டு நாள் இல்ல. நான் ஒத்தைன்னா அவ ரெட்டை. நான் ரெட்டைன்னா அவ ஒத்தை. கடைசியில ‘அவளையே கேளுங்களேன்’.

இத்தனைக்கும் அவ அப்படிப்பட்டவ இல்ல தம்பி. வீட்டு மனை வாங்கறப்ப நான் அளந்துக்கிட்டே இருந்தேன், அவ ஒருநாள் வந்து பாத்துட்டு ‘இதான்’னா, வாங்கிட்டோம். என் ரிட்டயர்மென்ட் பணத்தை எங்க போடறதுன்னு நான் ஊரெல்லாம் விசாரிச்சுட்டு வர்றதுக்குள்ள அவ போட்டுட்டு வந்துட்டா. எல்லாத்துலயும் வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டுன்னு இருக்கறவ, இந்த நீலத்துல மட்டும் பாவம், திணறிட்டா. வயசு ஆகுதுல்ல.

அப்புறம் என்ன, நம்மால ஆகலேன்னா சாமிகிட்ட விட்டுற வேண்டியதுதானே? பூக்கட்டிப் பாத்துருவோம்னு சொன்னேன். சம்பந்தம் பேசறதுக்கு, ஆபரேஷன் பண்ணிக்கலாமா வேணாமான்னு கேக்கறதுக்கெல்லாம் பூக்கட்டிப் பாப்பாங்க. பெயிண்டுக்குப் பாத்த முத ஆளு நானாத்தான் இருப்பேன். தெருமுனைப் பிள்ளையார் கோயிலுக்குப் போனோம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், செகப்புப் பூ ஒரு பொட்டலம். சாமி காலடியில போட்டுக் கும்பிட்டு, பூ விக்கிற அம்மாவை எடுக்கச் சொன்னோம். அந்தம்மா கண்ணை மூடி, பயபக்தியா எடுத்து என் கையில குடுத்துச்சு. என்ன விஷயமாக் கேக்கறோம்னு தெரியாது, என் மூஞ்சியைப் பாத்துட்டு உசிருக்கு ஏதோ ஆபத்துன்னு நெனச்சிருக்கும். பிரிச்சேன். வெள்ளை.

அப்பாடான்னு இருந்துச்சு. ‘சாமியே சொல்லிருச்சு, ஒத்தச் சொட்டு’ன்னேன்.

‘ஏங்க, வெள்ளைக்கு ரெட்டைச் சொட்டுன்னுதானே வச்சோம்?’ங்கறா இவ.

‘இல்லடி, வெள்ளைப் பூ வெளுத்த கலருக்கு.’

‘அப்படி வச்சா சாமிக்கு நாமளே துப்பு குடுத்த மாதிரி ஆயிரும்னு சொல்லி, நீங்கதானே மாத்தி வச்சீங்க!’

சொன்னேனா? நான் சொல்லக்கூடிய ஆளுதான் தம்பி. அதான் எனக்கே குழம்பிருச்சு. பிள்ளையார் முன்னாடி நின்னு யோசிக்கறேன், யோசிக்கறேன், ஞாபகமே வரல. திரும்பக் கட்டிப் பாக்கலாம்னா, சாமி பேச்சைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆயிரும். அவரு சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டாரு. கேட்டுக்க வேண்டியவனுக்குத்தான் கேள்வியே மறந்துபோச்சு. வீட்டுக்கு நடந்து வர்றப்ப பாக்கியம் மெதுவா, ‘பிள்ளையையே கேட்டுட்டா தேவலை’ன்னா. எங்க சுத்தினாலும் அங்கயே வந்து நிப்பா.

கேட்டேன் தம்பி. கேக்காம இல்ல. ஒருநாள் அவ குளிக்கப் போயிருந்தப்ப, போனை எடுத்து, நம்பரைப் போட்டேன். மனசுக்குள்ள எல்லாம் தயார் பண்ணி வச்சிருந்தேன். ‘பெயிண்ட் விஷயமாக் கூப்பிட்டேன், உன் ரூமு பழைய கலரு எது’, அவ்வளவுதான் கேள்வி. ரிங்கு போச்சு. எடுத்தா. எடுத்த உடனே ‘அப்பா?’ன்னா.

ஹலோன்னு இல்ல, யாருன்னு இல்ல. ‘அப்பா?’ங்கறா. என் நம்பரை அழிக்கவே இல்ல போல.

தம்பி, சத்தியமாச் சொல்றேன், நீலம்ங்கற வார்த்தையே மறந்துபோச்சு. அவ இன்னொருக்கா ‘அப்பா, பேசுப்பா’ன்னா. நான் கட் பண்ணிட்டேன்.

திரும்பிப் பாத்தா, பாக்கியம் ஈரத் தலையோட நிக்கறா. எவ்வளவு நேரமா நின்னாளோ. ‘சிக்னல் கெடைக்கல போல’ன்னா. ‘ஆமா, சிக்னலே இல்ல’ன்னேன். மறுநாள் அவளா வந்து, ‘யோசிச்சுப் பாத்தேங்க, போன்ல என்னன்னு சொல்லுவீங்க? போட்டோ எடுத்து அனுப்புனா ரெண்டும் வெள்ளையா விழுது. கலரெல்லாம் நேர்ல காட்டினாத்தான் தெரியும்’னா. நூத்துல ஒரு வார்த்தை. எனக்கு ஏன் இது தோணாமப் போச்சுன்னு இருந்துச்சு. காஜாவைக் கூப்பிட்டு இந்தப் பலகையில பக்கத்துக்கு ஒண்ணா அடிக்கச் சொல்லிட்டேன்.

அவளும் வந்திருக்கலாம். ‘வீடு பூரா சாமான் எறைஞ்சு கெடக்கு, போட்டுட்டு ரெண்டு பேரும் எப்படிப் போறது, நீங்க மட்டும் போயிட்டு வாங்க’ன்னுட்டா. ஆனா பையைப் பாத்தீங்களா? முறுக்கு, அதிரசம், நார்த்தங்கா ஊறுகா, புதுப் புடவை, பூ, மஞ்சள் குங்குமம், டஜன் டஜனா கண்ணாடி வளையல். பெயிண்ட் கலரு கேக்கப் போறவனுக்கு எதுக்குத் தம்பி வளையலும் பூவும்? கேட்டா, ‘சும்மா கையை வீசிக்கிட்டா போவீங்க’ங்கறா. அவளுக்கு எப்பவுமே மூட்டை கட்டணும். பஸ் ஸ்டாண்டுக்கே வந்து ஏத்திவிட்டா. நான் உக்காந்த பெறகும் போகாம, கீழ நின்னு பஸ்ஸு போர்டைப் பாக்கறா, நம்பரைப் பாக்கறா. கண்டக்டர்கிட்ட எத்தனை மணிக்குப் போய்ச் சேரும்னு வேற கேக்கறா. புருசன் ரிட்டயர் ஆன சர்வேயர், காணாமலா போயிருவான்?

பழனி வந்துருச்சா? மலை தெரியுது. இருங்க தம்பி, போன் அடிக்குது. காஜாதான்.

ஹலோ. சொல்லு காஜா. பஸ்ல இருக்கேன்யா. என்னது? முடிச்சாச்சா? எதை முடிச்ச? ரூமையா? யாரைக் கேட்டு அடிச்ச? அம்மாவா? எப்ப சொன்னாங்க? நேத்தே சொல்லிட்டாங்களா? சரி, எந்தக் கலரை அடிச்ச? ஏன்யா முழுங்கற, சொல்லு. ரெண்டையுமா? ரெண்டையும் என்ன? ரெண்டு வாளியையும் ஒண்ணா ஊத்திக் கலக்கியா? வை. போனை வைய்யா. ஏணியா? எடுத்துட்டுப் போ. எல்லாத்தையும் எடுத்துட்டுப் போ.

கேட்டீங்களா தம்பி, நியாயத்தை? நான் பஸ் ஏறினதுதான் தாமசம், காஜாவும் இன்னொரு ஆளும் வந்து மள மளன்னு வேலையைப் பாத்துட்டாங்களாம். முத கை போட்டாச்சாம். ஒத்தையும் இல்ல, ரெட்டையும் இல்ல, ஒண்ணரைச் சொட்டு. பிள்ளையாரே வந்தாலும் இனி அதைப் பிரிக்க முடியாது. என்னை ஒரு வார்த்தை கேக்கலையே! நேத்தே சொல்லி வச்சுட்டு, காலையில எதுவும் தெரியாத மாதிரி முறுக்கைப் பொட்டலம் கட்டறா. எதுக்கு இப்படிப் பண்ணினான்னு எனக்கு வெளங்கவே இல்ல. கலரு முடிவாயிருச்சுன்னா அப்புறம் என்னை எதுக்கு பொள்ளாச்சிக்கு அனுப்பணும்?

நீங்க ஏன் தம்பி சிரிக்கறீங்க?

அப்ப நான் எறங்கிறலாம்ல? வேலைதான் முடிஞ்சுபோச்சே. இப்படியே எறங்கி எதுக்கால வர்ற பஸ்ஸைப் பிடிச்சா மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிரலாம். முறுக்கை நாமளே தின்னுக்கலாம். பூவை முருகனுக்குப் போட்டுரலாம். கண்டக்டர் வேற கத்தறாரு, பழனி எறங்கறவங்க எறங்குங்கன்னு. கொஞ்சம் வழி விடுங்க. இல்ல, இருங்க. டிக்கெட் பொள்ளாச்சி வரைக்கும் எடுத்துட்டேன்ல? அது வீணாப் போகும். இருங்க, யோசிக்கறேன்.

கெளம்பிருச்சு. சரி, விடுங்க. யோசிக்கறதுக்குள்ள கெளம்பிட்டான்.

தம்பி, ஒண்ணு சொல்றேன், தப்பா நெனைக்காதீங்க. காலையில இருந்து நான் பயப்படாம வந்தேன். இந்தப் பலகை இருந்துச்சு. வாசல்ல போய் நின்னு, ‘என்னப்பா’ன்னு அவ கேட்டா, இதை நீட்டி ‘எது’ன்னு கேட்டுறலாம். அந்தப் பையன் கதவைத் தொறந்தாலும் இதை நீட்டிறலாம். இப்ப என்னத்தை நீட்டுவேன்? நாலு வருஷம் கழிச்சு சும்மா போய் நின்னு என்ன சொல்றது?

‘வீட்டுக்கு வாம்மான்னு சொல்லுங்க’ங்கறீங்க. அது எனக்குத் தெரியாதா? அதைச் சொல்லத் தெரிஞ்சா நான் ஏன் தம்பி ஒரு ரூமுக்கு ரெண்டு வாளி பெயிண்ட் வாங்கறேன்?

அவ வேணும் தம்பி எனக்கு. அந்த ரூமுல அவ படுத்திருக்கணும், பக்கத்துல தொட்டில் ஆடணும், அவ ‘அப்பா, ஃபேனைக் கொறை’ன்னு உள்ள இருந்து கத்தணும். அவ்வளவுதான் எனக்கு வேணும். அதை எப்படிச் சொல்றதுன்னு எந்தக் கடையிலயும் அட்டை குடுக்க மாட்டேங்கறான்.

ம். உடுமலை தாண்டியாச்சு. தென்னந்தோப்பா வருது.

யோசிச்சுட்டேன். ரூமு அடிச்சதை அவகிட்ட மூச்சு விடப்போறதில்ல. பலகையை நீட்டி ‘எது’ன்னு கேக்கறேன். அவ எதைச் சொல்றாளோ, ‘சரி, அதையே அடிச்சுரலாம், வந்து பாரு’ன்னுருவேன். வந்து பாருன்னா வான்னு சொன்ன மாதிரிதானே? சர்வேயர் கணக்குல அது செல்லும். வந்து பாத்து, ‘இது நான் சொன்ன கலரே இல்லையே’ன்னா? அவ கண்டுபிடிக்கத்தான் செய்வா. என் மகளாச்சே, அரைச் சொட்டு வித்தியாசம் அவ கண்ணுக்குத் தப்பாது. கண்டுபிடிக்கட்டும். சண்டை போடட்டும். எங்க வீட்டுல நின்னு போடட்டும்.

இருங்க. பஸ் ஸ்டாண்டு வந்துருச்சா? பலகையை ஒருக்கா தொடைச்சுக் குடுங்க. எந்தப் பக்கத்தை மொதல்ல காட்டறது? ஒத்தையைக் காட்டவா? நீங்க சொல்லுங்க.

அது யாரு அங்க, அந்தத் தூண்கிட்ட?

ஏன் தம்பி, அந்தா, பச்சைச் சேலை, ஒரு கையை இடுப்புல ஊணிக்கிட்டு. ஒவ்வொரு ஜன்னலா பாத்துக்கிட்டு வர்றாளே. இவளுக்கு யாரு சொன்னா நான் இந்த பஸ்ஸுலதான் வர்றேன்னு? ஏழு மாசத்துல இந்த வெயில்ல எதுக்கு வந்து நிக்கறா? மாப்பிள்ளைக்கு அறிவு வேணாம்? கொடையாவது பிடிக்கறாரே, அந்த மட்டும் சரி. எம்புட்டு எளைச்சுட்டா! வயிறு மட்டும்தான் தெரியுது.

கொடி! ஏ கொடி! இங்கிட்டு! இங்கிட்டு பாரும்மா! நீ வராத, நீ அங்கயே நில்லு, நான் வர்றேன்! வீட்டுக்குப் போலாம், இந்தா வந்துட்டேன், நில்லு!

நகருங்க தம்பி, நகருங்க. பையை எடுங்க. பாத்து, பாத்து, கீழ வைக்காதீங்க, அதுல பிள்ளைக்கு வளையல் இருக்கு, பூ இருக்கு, நசுங்கிரும். குடுங்க இப்படி. கண்டக்டர், ஆளு எறங்குதுங்க, நிறுத்துங்க!

என்ன தம்பி? பலகையா? அட, அதை நீங்களே வச்சுக்கங்க. ஒரு கையில பை இருக்கு, இன்னொரு கை சும்மா இருக்கட்டும். அந்தப் பலகையில ஒண்ணும் இல்ல தம்பி. ரெண்டு பக்கமும் ஒரே கலருதான்.